ஆறும் வேகம்

பன்னிரண்டு துண்டுகள்.
விரல் நீளம், இரண்டு மில்லிமீட்டர் கனம்.
கரியிழையும் பாலிஇமைடு பிசினுமாகப்
பதினாறு அடுக்கு.
வைர ஊசியால் ஒவ்வொன்றின் முதுகிலும்
எண் கீறியவள் நான்.
ஏழு கீறும்போது கை வழுக்கிவிட்டது,
சாய்த்துப் பார்த்தால் ஒன்று போலவும் இருக்கும்.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ்.
முன்னால் பற்சக்கரம் வெட்டும் கம்பெனி,
பின்னால் ஊதுபத்திக்கு டப்பா ஒட்டும் ஷெட்,
நடுவில் எங்கள் அடுப்பு.
உள்ளே இருநூற்று எண்பத்தெட்டு டிகிரி.
வெளியே ஜூலை,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காவல் இருக்கிறேன்.

என்றாவது ஒரு எஞ்சினின் விலாவில்
டைட்டானியம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்
இது போய் உட்காருமாம்,
மூன்றில் ஒரு பங்கு எடையோடு.
அதற்கு முன் ஆயிரம் மணி நேரம்
இங்கே வேக வேண்டும்.

நூறு மணிக்கு ஒருமுறை
மெல்லச் சூட்டை இறக்கி வெளியே எடுப்பேன்.
நீலமணி போட்ட கண்ணாடிச் சாடியில் வைத்து
பிறகு தராசில்.
மூச்சுக்கே நடுங்குகிற தராசு அது.
எண் நிலைக்கும்வரை
நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

மூன்று மில்லிகிராம் குறைந்திருக்கும்,
சில வாரம் நான்கு.
ஒரு கடுகின் எடை.
எங்கே போயிற்று என்று கேட்டால்
கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைக் காட்டலாம்.
அதன் வாயருகே ஒரு புறா
குளிர்காய்கிறது.

தேய்மானம் நடுவில் தொடங்குவதில்லை.
எங்கே வெட்டினோமோ
அந்த ஓரத்தில்தான்,
இழையின் முனை காற்றைப் பார்க்கிற இடத்தில்.

எழுநூற்றுப் பன்னிரண்டாம் மணியில் மழை,
டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு வெடி.
நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.
ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது.
ருத்ரேஷ் பயந்துபோய்
உள்ளே அவிந்துவிடப் போகிறதே என்று
அடுப்பின் கதவை அகலத் திறந்துவிட்டான்.
ஈரக்காற்று உள்ளே நுழைந்தது.

நாற்பத்தொரு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது.
"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, மேடம்,
இந்த நாற்பது நிமிஷத்தை
யாரு கேக்கப் போறாங்க?"

ஏழை அறுத்து, மெருகேற்றி
நுண்ணோக்கியில் வைத்தேன்.
ஆயிரக்கணக்கில் வெள்ளை வட்டங்கள்,
குடை விரித்த கூட்டத்தை மாடியிலிருந்து பார்ப்பதுபோல்.
அவற்றுக்கிடையே
ஒரு கறுப்பு மயிரிழை.

சூட்டில் வந்ததல்ல அது.
எழுநூறு மணிச் சூட்டையும் தாங்கிக்கொண்டது.
குளிர்ந்தபோது விட்டது.
இழைக்கு வெயிலும் ஒன்று, பனியும் ஒன்று:
நீளாது, குறுகாது.
பிசின்தான் சுருங்கும்.
ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டில்
ஒன்று மட்டும் சட்டென்று சுருங்கினால்

வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று
கனகவல்லி அக்கா போனில் சொன்னாள்:
"கொஞ்ச நாள் ஆறப்போடுடி, எல்லாம் சரியாப் போகும்."
நிமிடத்துக்கு எத்தனை டிகிரி என்று
அவள் சொல்லவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை. கதவு திறக்கப்பட்டது. 41 நிமிடம்.
எண் 7, குறுக்கு விரிசல்.
சோதனை செல்லாது.
கையெழுத்துப் போட்டபின்தான் கவனித்தேன்,
எழுநூற்றுப் பன்னிரண்டு மணிக்கு
இருபத்தொன்பது நாளும் பதினாறு மணியும் ஆகிறது.

புதிதாகப் பன்னிரண்டு வெட்டினோம்.
இந்த முறை ஏழு ஏழாகவே இருக்கிறது.
ருத்ரேஷ் ஓரங்களைத் தேய்த்துக் கொடுத்தான்,
ஒரு வார்த்தை பேசாமல்.
மாலையில் அவனாகவே ஒரு அட்டையில்
கன்னடத்தில் எழுதிக் கதவில் ஒட்டினான்:

கரண்ட் போனால் திறக்க வேண்டாம்.
தானாக ஆறட்டும்.

இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறதாம்.
அவனே சொன்னான்.